சமய ஆராய்ச்சியில் விஞ்ஞானத்தின் எல்லை

பாலக்காட்டை அடுத்த கல்பாத்தி ஆற்றங்கரையில் விசுவநாத சுவாமி கோயில் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கணவாய் வழியாகச் சென்று அங்குக் குடியேறிய தமிழ்மக்கள் அதனைத் தம் உயிரினும் மேலாகப் போற்றி வருகின்றனர். காசிக்குச் சென்ற இலட்சுமி அம்மாள் என்னும் மூதாட்டி ஒருவர் அங்கிருந்து இலிங்கம் ஒன்றைக் கொண்டுவந்தார் என்பதும், பாலக்காட்டு மன்னர் அதற்குக் கோயில் எடுப்பித்தார் என்பதும் வழிவழி வரும் செய்தி. அக்கோயிலின் காலத்தைக் கி.பி. 1425-ஐ ஒட்டியதாகக் கூறுவர். ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்னும் பழமொழி அப்பகுதியில் சிறுவர் வாயிலும் வழங்குவது.

இந்தச் செய்தியை ஆராய்ச்சியாளர் ஒருவரிடம் ஒப்படைப்போம். இலிங்கத்தின் கல் எந்த நிலத்துக்குரியது என்பதை நிலநூல் வல்லவர் ஆராயலாம். கல்வெட்டின் எழுத்தமைதியைக் கொண்டு அதன் காலத்தைச் சாசனவியலார் கணிக்கலாம். குடியேற்றம் எப்பொழுது, எதனால் நிகழ்ந்தது என்பதை வரலாற்றாசிரியர் விளக்கலாம். இவை யாவும் விடை காணத்தக்க வினாக்களே. ஆனால், காசியில் ‘பாதி’ என்றார்களே, அந்தப் பாதியை எந்தக் கோல் கொண்டு அளப்பது? அளக்க இயலாது என்பதனால் அந்தச் சொல் பொய்யாகி விடுமா? பொய் என்று யாரும் சொல்லத் துணியார். அளவையாளரின் அட்டவணையில் அதற்கு இடமில்லை என்பதும் வெளிப்படை. சமயத்தைப் பல்கலைக்கழக முறையில் ஆராய்வோர் எதிர்ப்படும் சிக்கல் முழுவதும் இச்சிறு பழமொழியில் அடங்கியிருக்கிறது.

இறையியல் என்பது இறைவனையும், அவனோடு உயிர்களுக்குள்ள தொடர்பையும் முறைப்படி ஆராயும் துறை. நம் நாட்டில் அதற்குக் கல்வி நிலையங்கள் பல உண்டு. செராம்பூர்க் கல்லூரி 1827-ஆம் ஆண்டில் டென்மார்க்கு மன்னரின் பட்டயத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகள் உள்ளன. இவ்விடங்களில் நூலாராய்ச்சி, வரலாற்றாராய்ச்சி, மொழியாராய்ச்சி, மக்களியல் ஆராய்ச்சி ஆகியவை நடைபெறுகின்றன. ‘விஞ்ஞானம்’ என்று ஈண்டு நான் குறிப்பது இவை அனைத்தையுமே. தமிழில் அச்சொல்லைக் கேட்டவுடன் ஆய்வுக்கூடமும் கண்ணாடிக் குழாயும் நம் நினைவுக்கு வருகின்றன. செர்மானிய மொழியில் இதற்கு நேரான சொல்லோ வரலாறு, மொழியியல் முதலிய ஒழுங்குபட்ட அறிவுத்துறைகள் யாவற்றையும் தழுவி நிற்பது. 1810-இல் பெர்லின் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட காலத்தில் இறையியலுக்கு அங்கு இடமுண்டா என்ற வழக்கு எழுந்தபோது, அறிஞர்கள் வாதிட்டது இந்த விரிந்த பொருளை வைத்துத்தான். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், சொல்லின் பரப்பை முதலில் வரையறுத்துக் கொள்வது நலம் எனக் கருதுகிறேன்.

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையைக் கடந்தால் இடுக்கி மாவட்டத்து மறையூரை அடைகிறோம். அஞ்சுநாடு எனப்படும் அம்மலைச்சாரலில், பழங்காலத்தில் மதுரைப் பக்கமிருந்து சென்ற தமிழ்க் குடிகள் இன்றும் வாழ்கின்றன. அங்குப் பாறைகளின்மேல் கற்பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்த கல்லறைகள் காணப்படுகின்றன. மக்கள் அவற்றை ‘முனியறை’ என்பர். முனிவர் அங்கிருந்து தவம் புரிந்தனர் என்றும், வனவாசத்தின்போது பாண்டவர் தங்கினர் என்றும் கதைகள் வழங்குகின்றன. தொல்பொருளாய்வாளரோ, இவை பெருங்கற்காலத்து மக்கள் இறந்தோருக்கு எடுத்த அடையாளங்கள் என்கின்றனர். தென்னாட்டின் பல இடங்களில் இதே அமைப்புடைய கல்லறைகள் அகழப்பட்டுள்ளமையால், அவர் கூற்றுக்கு வலிமை மிகுதி.

இவ்விடத்தில் நம்பிக்கை ஆராய்ச்சிக்கு வழிவிட வேண்டும் என்பதே என் துணிபு. ‘இங்கு இன்னார் தங்கினர்’ என்பது உலகியல் செய்தி. உலகியல் செய்தியைச் சான்று கொண்டே சோதிக்க வேண்டும். சமயத்தின் பெயரால் கூறப்பட்டது என்பதற்காக அதற்குத் தனிச் சலுகை கொடுத்தல் தகாது. அக்கல்லறைகளின்முன் நின்று தம் முன்னோரை நினைந்து கைகூப்பும் உணர்ச்சி அதனால் குறைவுபடப் போவதில்லை. முனிவர் இல்லையெனினும், யாரோ ஒரு தாய் தன் மக்களால் அன்போடு அங்கே நினைக்கப்பட்டிருப்பாள் அல்லவா?

மறையூருக்கு அப்பால், மூணாற்றைச் சூழ்ந்த மலைகளில் முதுவர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். மதுரையை விட்டுப் புறப்பட்டபோது மீனாட்சியம்மையின் திருவுருவைத் தம் முதுகில் சுமந்து வந்தமையால் முதுவர் என்ற பெயர் ஏற்பட்டது என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் இவர்தம் செய்திகள் இடம்பெற்றுள்ளன. மொழியாராய்ச்சியாளர் ‘முதுகு’, ‘முதுவர்’ என்னும் இரு சொற்களுக்கும் உள்ள உறவை ஐயுறலாம். முதுமை என்னும் பண்பிலிருந்து பெயர் பிறந்திருக்கலாம் எனவும் கூறலாம். மக்களியலார், இடம்பெயர்ந்த ஒரு குடி தன் பழைய ஊரை நினைவில் வைத்துக்கொள்ளும் வழி இது என விளக்கலாம். இவ்விளக்கங்களை நாம் வரவேற்க வேண்டும்.

ஆனால், மக்களியலார் இன்னும் ஓர் அடி எடுத்துவைத்து, ‘இக்கதை இடம்பெயர்ந்த நினைவு மட்டுமே, இதில் வேறொன்றும் இல்லை’ என்று சொல்வாராயின், அவர் தம் எல்லையைக் கடந்துவிட்டார். அந்த ‘மட்டுமே’ என்ற சொல்லுக்கு அவர் திரட்டிய சான்றுகளில் ஒன்றும் துணை நிற்கவில்லை. தெய்வத்தைச் சுமந்து வந்தோம் என்பவன் ஊர் மாறிய செய்தியைச் சொல்கிறான் என்பது உண்மையே. அதனோடு, தான் எங்குச் சென்றாலும் தன்னைக் கைவிடாத ஒரு துணை உண்டு என்றும் அவன் சொல்கிறான். அத்துணை உண்மையில் உண்டா என்பது முதற்செய்தியை ஆராய்ந்த கருவிகளால் தீராத வேறு வினா.

இனி, இவ்வினா தன் முழு உருவத்தோடு வெளிப்படும் இடத்துக்குச் செல்வோம். குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள், ஏறத்தாழ 1337 மீட்டர் உயரத்தில் மங்கலதேவி கோட்டம் பாழடைந்து நிற்கிறது. ஒருபுறம் கேரளத்து இடுக்கி மாவட்டம்; மறுபுறம் தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. ஆண்டுக்கு ஒருநாள், சித்திரை முழுநிலவன்று மட்டுமே பொதுமக்கள் அங்குச் சென்று வழிபட இயலும். குமுளியிலிருந்து வண்டிகளிலும், பளியங்குடிப் பக்கமிருந்து கால்நடையாகவும் மக்கள் ஏறுகின்றனர். இரு மாவட்டத்து அதிகாரிகளும் கூடி ஏற்பாடுகள் செய்கின்றனர். இருமொழி வழிபாடும் அங்கு நடைபெறுகிறது.

அங்குள்ள தெய்வம் கண்ணகி என்பது பலருடைய உறுதியான நம்பிக்கை. சிலப்பதிகாரத்தின் கதை நேயர்கள் அறிந்ததே. மதுரையை எரியூட்டிய கண்ணகி மேற்கு நோக்கி நடந்து, நெடுவேள்குன்றம் ஏறி, வேங்கை மரத்து நிழலில் நின்றாள். அவள் தன் கணவனோடு விண்ணகம் புகுந்ததைக் கண்ட குன்றக்குறவர் சேரன் செங்குட்டுவனிடம் வந்து கூறினர். அவன் இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிக் கொணர்ந்து கோயில் எடுத்தான் என்பது காப்பியம். அந்தக் குன்றம் எது? பழைய உரைகளுக்குள்ளேயே இதில் கருத்து வேற்றுமை உண்டு. திருச்செங்கோடு என்பது ஒரு கருத்து. சேரநாட்டுச் செங்குன்றம் என்பது மற்றொரு கருத்து. கொடுங்கல்லூர்ப் பகவதியே கண்ணகி என்பாரும் உளர். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் காப்பியம் காட்டும் வழியைப் பின்பற்றித் தேடிச் சென்று, மங்கலதேவி கோட்டமே கண்ணகி கோட்டம் என்று 1960-களில் எடுத்துரைத்தார். ஏட்டில் இருந்ததை மண்ணில் தேடிய அம்முயற்சி போற்றத்தக்கது.

காலத்தைப் பற்றிய வழக்கும் சிறிதன்று. கோயில் விழாவுக்கு இலங்கை மன்னன் கயவாகு வந்தான் என்று காப்பியம் கூறுகிறது. இலங்கை வரலாற்றின்படி முதலாம் கயவாகு கி.பி. 2-ஆம் நூற்றாண்டினன். ஆகவே செங்குட்டுவனும் அக்காலத்தவனே என்று வி. கனகசபைப் பிள்ளை முதலியோர் நிறுவினர். தமிழ் இலக்கிய வரலாற்றின் காலக்கணிப்புக்கே இது ஒரு தூணாக விளங்கியது. பின்னர் வந்த எஸ். வையாபுரிப் பிள்ளை, காப்பியத்தின் மொழிநடையை ஆராய்ந்து அதனைப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டதாகக் கொண்டார். இலங்கை மக்களியலறிஞர் கணநாத் ஒபயசேகர, 1970-இல் எழுதிய கட்டுரையிலும், 1984-இல் வெளியிட்ட பத்தினித் தெய்வ வழிபாடு பற்றிய பெருநூலிலும், கயவாகு கதையை வரலாறாகக் கொள்ளலாகாது. வழிபாடு பரவியதை விளக்க எழுந்த புராணமாகவே கொள்ள வேண்டும் என வாதிட்டார். மகாவமிசம் கயவாகுவைப் பாடும்போது பத்தினியைக் குறிப்பிடவில்லை. பிற்காலத்து இராஜாவலியவே அச்செய்தியைத் தருகிறது என்பது கருதத்தக்கது.

இவ்வழக்கில் எவர் வென்றாலும், ஆராய்ச்சி நம் அறிவைப் பெருக்கியுள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால் சித்திரை முழுநிலவன்று கையில் மஞ்சளும் வளையலும் ஏந்தி மலையேறும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்தவளாகவோ, வழக்கு மன்றத்தில் நியாயம் கிடைக்காதவளாகவோ அவள் இருக்கலாம். செங்குட்டுவன் கதை வரலாறன்று என்று முடிவாகுமாயின், அவள் வீட்டிலேயே இருந்துவிட வேண்டுமா? அது வரலாறே என்று முடிவாகுமாயின், அவள் வேண்டுதல் அதனால் நிறைவேறிவிடுமா? இரண்டும் இல்லை. கற்களின் வயது அவளுடைய வினாவுக்கு விடையாகாது.

இதன் காரணத்தை இலக்கணத்தின் துணையால் விளக்கலாம். ஆராய்ச்சியாளர் தெய்வத்தைப் படர்க்கையில் பேசுகிறார்: ‘கண்ணகி என்பவள் இன்ன நூற்றாண்டில் வழிபடப்பட்டாள்.’ வழிபடுகிறவள் முன்னிலையில் பேசுகிறாள்: ‘தாயே, நீ கேள்.’ படர்க்கையில் திரட்டிய செய்திகளை எத்துணை அடுக்கினாலும் முன்னிலை விளி ஒன்று அதிலிருந்து பிறவாது. அந்த விளியைக் கேட்பார் ஒருவர் உண்டா இல்லையா என்பதையும் அச்செய்திகள் தெரிவிக்க மாட்டா. இறையியலாளர் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவர். முன்னிலையில் அழைக்கப்படும் பொருளைக் குறித்துப் படர்க்கையில் ஒழுங்காகப் பேச முயல்பவர் அவர். அவருடைய அருமைப்பாடும் இடர்ப்பாடும் அதுவே.

மேல்நாட்டு அறிஞரும் இவ்வெல்லையை உணர்ந்துள்ளனர். 1898-இல் எர்ன்ஸ்ட் டிரோல்ச் என்னும் செர்மானிய இறையியலறிஞர் வரலாற்று முறைக்கு மூன்று அடிப்படைகள் உண்டு என்றார். சான்று எதையும் ஐயத்தோடு எடை போடுதல் ஒன்று. இன்று நாம் அறியும் நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டுப் பழைய நிகழ்ச்சிகளை நம்பத்தக்கனவா எனத் துணிதல் மற்றொன்று. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அதன் முன்பின் நிகழ்ச்சிகளோடு தொடர்புபடுத்திக் காண்டல் மூன்றாவது. இவற்றைக் கண்ணகியின் விண்ணேற்றத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். அதற்கு ஒப்பாக இன்று நாம் காணும் நிகழ்ச்சி ஏதும் இல்லை. ஆகவே, ‘குன்றவர் அவ்வாறு நம்பினர்’ என்று எழுதுவதோடு வரலாற்றாசிரியர் நின்றுவிடுகிறார், அதுவே முறை. ‘அப்படி ஒன்று நிகழவே இயலாது என்று என் ஆராய்ச்சி மெய்ப்பித்துவிட்டது’ என அவர் கூறினாரானால் தருக்கத்தில் வழுவினார். தொடக்கத்திலேயே விலக்கி வைத்த ஒன்றை, இறுதியில் தேடிக் காணாததாகக் கூறுதல் முறையாகாது.

ஆல்பர்ட்டு சுவைட்சர் 1906-இல் வெளியிட்ட நூல் இன்னொரு பாடத்தைக் கற்பிக்கிறது. இயேசுவின் வரலாற்றை விருப்பு வெறுப்பின்றி எழுத முனைந்த அறிஞர் பலரும், தத்தம் காலத்து இலட்சியத்தையே அவர் முகத்தில் கண்டனர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். கண்ணகி வரலாற்றிலும் இது நிகழ்ந்துள்ளது. கற்பின் வடிவாகக் கண்டார் சிலர். தமிழினத்தின் பெருமையாகக் கண்டார் சிலர். அரசை எதிர்த்து நின்ற பெண்ணாகக் கண்டார் சிலர். ஆராய்வோன் தன்னைத் தன் ஆராய்ச்சியிலிருந்து முற்றும் விலக்கிக்கொள்ள இயலாது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நம் முன்னோர் இச்சிக்கலுக்குத் தக்க சொற்களை ஆக்கி வைத்தனர். சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொள்கிறது. கண்டறிதல் முதலாவது, கண்டதிலிருந்து காணாததை உய்த்துணர்தல் இரண்டாவது, நம்பத்தக்க மெய்யுரை மூன்றாவது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் அளவையை ஆராய்ந்த பின்னரே பொருளை ஆராயத் தொடங்குகிறார். எதைக் கொண்டு அறிகிறோம் என்பதைத் தெளியாமல், எதை அறிந்தோம் என்று கூறலாகாது என்பது அதன் கருத்து. இன்றைய விஞ்ஞானம் காண்டலையும் கருதலையும் வியக்கத்தக்க அளவுக்குக் கூர்மைப்படுத்தியுள்ளது. உரையை அது ஆவணமாகக் கொள்கிறதே தவிர, அளவையாகக் கொள்வதில்லை. அது அதன் கட்டுப்பாடு. குறை என்று சொல்வதற்கில்லை. இறையியலாளரோ உரையையும் அளவையாகக் கொண்டு, ஆயினும் முன்னிரண்டோடு முரணாதபடி பேச வேண்டியவர். அவர் சுமை பெரிது.

எல்லை மீறுதல் ஆராய்ச்சியாளரிடம் மட்டும் காணப்படும் குற்றமன்று, பக்தரிடமும் உண்டு. ‘எங்கள் தெய்வத்தை விஞ்ஞானமே மெய்ப்பித்துவிட்டது’ என்று முழங்குவோரை நாம் அடிக்கடி காண்கிறோம். கரியளவு முறையால் கோயிலின் தொன்மை உறுதியாயிற்று என்பர். 1949-இல் வில்லார்டு லிபி வெளியிட்ட அம்முறை, ஒருகாலத்தில் உயிரோடிருந்த மரம், எலும்பு முதலியவற்றில் எஞ்சிய கரியணுக்களைக் கணக்கிடுவது. மரம் வெட்டுண்ட காலத்தை அது கூறலாம். கருங்கல்லைச் சிற்பி செதுக்கிய நாளை நேரே கூறாது. அக்கல்லில் தெய்வம் உறைவதை எக்காலத்தும் கூறாது. வழிபாட்டை ஓர் ஆண்டுக்கணக்கில் கட்டித் தொங்கவிடுவோர், புதிய சான்று ஒன்று கிடைத்து அக்கணக்கு மாறும்போது என்ன செய்வர்? எல்லைப்புறத்தில் இதனால் வேறொரு தீங்கும் விளையும். ஒரு கல்லின் காலம் ஓர் இனத்தின் உரிமை வழக்காக மாறி, மலைமேல் ஒன்றாக நின்று கைகூப்பியவர் மலையடிவாரத்தில் பகைவராகின்றனர். எல்லைக் கோட்டை வரைவது நில அளவையாளர் பணி. அதற்குத் தெய்வத்தைச் சாட்சிக்கு அழைப்பது இரு துறைக்கும் இழிவு.

அங்ஙனமாயின், ஆராய்ச்சி எட்டாத இடத்தில் எதையும் சொல்லலாம் என்றாகிவிடாதா எனச் சிலர் வினவுவர். நியாயமான வினா. உண்மைச் செய்தியைத் திரித்துக் கூறும் கொள்கையையும், தன்னோடு தானே முரண்படும் கொள்கையையும், எளியோரை ஒடுக்கத் துணைபோகும் கொள்கையையும் தள்ளும் கடமை இறையியலாளருக்கு உண்டு. பிறர் கொள்கையை நேர்மையாக எடுத்துரைத்தல் மற்றொரு கடமை. அருணந்தியார் பரபக்கத்தில் மாற்றாரின் வாதங்களை முதலில் அவர் வாயிலாகவே பேசவிட்டுப் பின்னரே மறுக்கிறார். தரங்கம்பாடியில் வாழ்ந்த சீகன்பால்கு, தம் சமயத்தைப் பரப்ப வந்தவராயினும், தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு நூலை அக்கறையோடு எழுதினார். அவரை அனுப்பிய மேலோர் அதனை அச்சிட விரும்பவில்லை. அது 1867-இல்தான் வெளிவந்தது. ஆராய்ச்சிக்கு அஞ்சும் சமயம் தன்மேல் தானே நம்பிக்கை குறைந்தது என்பதை அந்த நூற்றைம்பது ஆண்டுத் தாமதம் காட்டுகிறது.

கண்ணகி வழிபாட்டின் உள்ளே உறைவது ஒரு வினா. அநீதியால் அழிக்கப்பட்டவளின் குரலுக்கு இவ்வுலகில் மறுமொழி உண்டா? ஆட்சி பிழைத்தால் அறம் அதனைக் கேட்குமா? கண்டியில் பத்தினி தேவாலயத்தின்முன் நிற்கும் சிங்களப் பௌத்தரும், மட்டக்களப்பில் கண்ணகியம்மனுக்குச் சடங்கு எடுக்கும் தமிழரும், மங்கலதேவி மலையேறும் மலையாளியும் தமிழரும் இவ்வினாவையே தத்தம் மொழியில் கேட்கின்றனர். அவர் எவ்வாறு கேட்டனர், எப்பொழுது கேட்டனர், ஒருவரிடமிருந்து மற்றவர் எவ்வாறு கற்றனர் என்பவற்றை விஞ்ஞான முறை விளக்கும், விளக்கவும் வேண்டும். அறம் கேட்கும் என்ற நம்பிக்கை மெய்யா என்பதை மண்வெட்டியும் எழுத்தாராய்ச்சியும் தீர்மானிப்பதில்லை. அதை ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையில் ஏற்றோ மறுத்தோ பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

ஆதலின் சமயத்தை ஆராயப் புகும் மாணவர்களுக்கு நான் கூற விரும்புவது இதுவே: ஆராய்ச்சி செல்லும் எல்லைவரை அஞ்சாது செல்லுங்கள். முனியறையில் முனிவர் இல்லையென்றால் இல்லையென்றே எழுதுங்கள். எல்லையை அடைந்ததும், ‘என் கருவி இவ்வளவே’ என்று கூறி நில்லுங்கள். அதற்கப்பால் ஒன்றும் இல்லை என்று சொல்லவும் வேண்டா. அங்கு இருப்பதை நான் அளந்துவிட்டேன் என்று சொல்லவும் வேண்டா. பக்தர்களும், தம் தெய்வத்துக்கு ஆராய்ச்சியாளரிடம் நற்சான்றிதழ் கேட்டு நிற்பதைக் கைவிடல் வேண்டும். இருசாராரும் இந்த ஒழுங்கைக் காத்தால், சித்திரை முழுநிலவன்று மலைமேல் கல்வெட்டுப் படிப்பவருக்கும் இடமிருக்கும்; கண்ணீரோடு கைகூப்புபவருக்கும் இடமிருக்கும்.